வேன் ஏசி கம்ப்ரஸர் போச்சு என்றால் முதலில் கேஜின் இரண்டு முள்ளையும் காட்டச் சொல்லுங்கள்

கேட்டவர் காங்கேயத்துக்காரர். 2008 மாடல் டீசல் வேன், டிரைவரோடு 13 பேர் உட்காரலாம், முன்னால் ஒரு ஏசி, பின்னால் ஒரு ஏசி. முகூர்த்த நாளில் கல்யாண வாடகை, மற்ற நாளில் பழனி, கொடுமுடி என்று கோயில் வாடகை. காலையில் கிளம்பும்போது ஜில்லென்று இருக்கிறதாம். மதியம் ஈரோட்டில் பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது. பைபாஸ் ஏறி ஓட்டினால் கொஞ்சம் பரவாயில்லை. பின் சீட்டுக்காரர்கள் எப்போதுமே புழுங்குகிறார்கள். இரண்டு வருடத்தில் மூன்று தடவை கேஸ் போட்டாயிற்று. இப்போது போன பட்டறையில் "கம்ப்ரஸர் போச்சுங்க, 32,000 ஆகும்" என்கிறார்கள். கம்ப்ரஸர் என்பது ஏசி கேஸை அமுக்கித் தள்ளுகிற பம்ப். மாற்றலாமா, இல்லை பின் ஏசியை அடைத்துவிட்டு முன் ஏசியை மட்டும் வைத்து ஓட்டலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு மாற்றாதீர்கள் தம்பி. பெருந்துறை ரோட்டில் இருபது வருடமாக வேன், பஸ் ஏசி வேலைதான் செய்கிறேன். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்கள் வண்டியில் கோளாறு ஒன்றல்ல, இரண்டு. கேஸ் எங்கோ கசிகிறது. அது போக, வண்டி நிற்கும்போது கேஸின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. இரண்டும் ஒன்றாக வந்ததால்தான் பார்க்கிறவர் குழம்பிப்போய்க் கடைசியில் கம்ப்ரஸர் மேல் பழியைப் போட்டிருக்கிறார்.

"கேஸ் தீர்ந்துபோச்சு" என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். அது டீசல் மாதிரி எரிந்து தீருகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே ஆவியாகி, திரவமாகி, திரும்ப ஆவியாகிச் சுற்றி வருவது. பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் மெல்ல மெல்லக் கசியத்தான் செய்யும். அந்த மாதிரிக் கசிவுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் ஏற்றினால் குறை சொல்ல மாட்டேன். எட்டு மாதத்துக்கு ஒரு தடவை என்றால் அது ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் போட்டு அனுப்பியவர் ரிப்பேர் எதுவும் செய்யவில்லை, அடுத்த ரிப்பேருக்குத் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, கம்ப்ரஸர் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிரஷர் காட்டுகிற கேஜை மாட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள். நீல முள் லோ சைடு, அதாவது கம்ப்ரஸருக்குள் கேஸ் திரும்பி வருகிற பக்கம்; சிவப்பு முள் ஹை சைடு, அமுக்கி வெளியே தள்ளுகிற பக்கம். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் மாட்டினால் இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும். உங்கள் வண்டியில் இருப்பது 134ஏ கேஸ். அதற்கு 25 டிகிரி காலையில் 82 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு, அதாவது psi), 30 டிகிரி என்றால் 97 பவுண்டு வாக்கில் காட்ட வேண்டும். இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது. உள்ளே 300 கிராம் இருந்தாலும் ஒரு கிலோ இருந்தாலும், சொட்டு திரவம் மிச்சம் இருக்கிற வரை முள் அதே இடத்தில்தான் நிற்கும். ஆகவே நிற்கிற வண்டியில் முள்ளைக் காட்டி "கேஸ் ஃபுல்லா இருக்குங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முள் இந்தக் கணக்குக்கு மேலே எகிறி நின்றால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. மூன்று தடவை போட்டதில் ஏதாவது ஒரு தடவை வேக்கம் இழுக்காமல் (உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சாமல்) அப்படியே ஏற்றியிருந்தால் இது நடக்கும். விலை மலிவான கேனில் எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கலந்து வருவதும் உண்டு. 13 பேர் உட்கார்ந்திருக்கிற மூடிய வண்டிக்குள் காற்றைக் குளிர வைக்கிற கூலிங் காயில் ஓட்டையானால் அது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலரேட்டரை 1,500 ஆர்பிஎம் வாக்கில் பிடித்து, இரண்டு புளோயரையும் முழு வேகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு நீலம் 30 முதல் 45, சிவப்பு 180 முதல் 250 வரை இருந்தால் சரி. இரண்டும் கீழே கிடந்தால் கேஸ் குறைவு. இரண்டும் மேலே ஏறினால் சூடு வெளியே போகவில்லை, அல்லது கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று. நீலம் சுழியத்துக்கும் கீழே இறங்கினால் எங்கோ அடைப்பு. நீலம் கீழே இறங்க மாட்டேன் என்று 70, 80-ல் நிற்கிறது, சிவப்பும் 120-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, கம்ப்ரஸரை பெல்ட் புல்லியோடு சேர்க்கிற காந்தக் கிளட்ச் நன்றாகப் பிடித்துச் சுற்றுகிறது என்றால்தான் கம்ப்ரஸர் மேல் கை வைக்கலாம். சிக்னலில் நிற்கும்போது உங்கள் வண்டியின் சிவப்பு முள் 300 பக்கம் போகும் என்பது என் கணிப்பு. 300 பவுண்டு தள்ளுகிற கம்ப்ரஸரைச் செத்துப்போச்சு என்று யாரும் சொல்ல முடியாது.

அதை உறுதி பண்ண ஒரு பக்கெட் தண்ணீர் போதும். போன சித்திரையில் கரூர் பரமத்திப் பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. அந்த ஊர் வெயில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பேப்பரில் அடிக்கடி முதலிடத்தில் வருகிற ஊர். நிறுத்தி ஓட்டினால் சிவப்பு முள் 310. கிரில் வழியாக கண்டென்சர் மேல் மக்கால் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். மூன்றாவது மக் ஊற்றும்போதே முள் இறங்க ஆரம்பித்து 200-ல் வந்து நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்த டிரைவர் "அண்ணா, ஜில்லுன்னு வருதுங்" என்றார். தண்ணீர் ஊற்றினால் குளிர்கிறது என்றால் கேஸ் சுற்றும் வேலை ஒழுங்காக நடக்கிறது, சூட்டை எடுத்துப் போகிற காற்றுதான் இல்லை. கேஸ் அதிகமோ உள்ளே காற்றோ இல்லை என்று முன்பே பார்த்திருந்தால் வேறு விளக்கம் தேட வேண்டாம்.

அந்த வண்டியின் கண்டென்சர் முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. வாராவாரம் வாட்டர் சர்வீஸ் விடுகிற ஆள். ரேடியேட்டர் போல்ட்டைத் தளர்த்திப் பின்னால் சாய்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், இரண்டு விரல் இடைவெளியில், கம்பளித் துணி மாதிரி ஒரு படலம். கையால் உரித்தால் முழுசாக வந்தது. ரோட்டுத் தூசி, உமித்தூள், தேங்காய் மஞ்சி, நடுவில் இரண்டு தட்டான். உங்கள் ஊர் அரிசி ஆலையும் கொப்பரைக் களமும் நிறைந்த ஊர், அதனால் உங்கள் வண்டியிலும் இதுதான் இருக்கும் என்று பந்தயமே கட்டலாம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் என்றால் பஞ்சுப் படலம், பொள்ளாச்சி வண்டி என்றால் மஞ்சியே கெட்டியாக அப்பியிருக்கும். ஊரைச் சொல்லாவிட்டாலும் படலத்தைப் பார்த்தே வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

இதைக் கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீர் விட வேண்டும், உள்ளே போன வழியாகவே வெளியே வரட்டும். சர்வீஸ் ஸ்டேஷன் கன்னைக் கிட்டே பிடித்து அடித்தால் மெல்லிய ஃபின் எல்லாம் மடங்கி, இருக்கிற வழியும் அடைந்துவிடும். தோட்டத்து ஹோஸ் பைப்பே போதும்.

அதோடு ஃபேனையும் பாருங்கள். எஞ்சினோடு சுற்றுகிற விஸ்கஸ் ஃபேனாக இருந்தால், உள்ளே இருக்கும் சிலிக்கான் ஆயில் வற்றிப்போய் சூட்டிலும் பிடிக்காமல் நழுவும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, ஃபேன் இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள். தடை இல்லாமல் நாலு சுற்று ஓடினால் அது போய்விட்டது. கண்டென்சருக்குத் தனியாக கரண்ட் ஃபேன் இருந்தால், ஓடுகிறதா என்பதோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். மோட்டார் மாற்றும்போது ஒயரை மாற்றிக் கொடுத்து, வருடக்கணக்கில் தலைகீழாகக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்த ஃபேனை நானே இரண்டு வண்டியில் பார்த்திருக்கிறேன். ஒரு தாளை எடுத்துக் கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள், உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரில் ஏசி சூடாகிறது என்று வருபவர்களுக்கும் பாதிப் பேருக்கு இதே கதைதான். வண்டி மெதுவாகப் போகிறது, எஞ்சின் முக்குகிறது, காற்றுக்கு ஃபேனைத் தவிர வேறு கதி இல்லை.

காலையில் குளிர்ந்து மதியம் விடுகிற வண்டியில் கிளட்சையும் சந்தேகப்பட வேண்டும். புல்லியின் முகத்தில் இருக்கும் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் வாக்கில்தான் இடைவெளி இருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து அது ஒரு மில்லியைத் தொட்டுவிட்டால், காலையில் டக்கென்று பிடிக்கிற காந்தம் மதியம் பிடிக்காது. சூட்டில் காந்தத்தின் கம்பிச் சுருளில் (காயிலில்) ரெசிஸ்டன்ஸ் ஏறி கரண்ட் குறைந்து இழுவை போய்விடும். ஏசி விட்ட நேரத்தில் உடனே பானட்டைத் திறந்து பாருங்கள். நடுத்தட்டு சுற்றாமல் புல்லி மட்டும் சுற்றுகிறது, காயில் ஒயரில் 12 வோல்ட் வருகிறது என்றால் இதுதான். தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் ஷிம் வளையம் ஒன்றை எடுத்தால் முடிந்தது. ஒரு டீ குடிக்கிற நேர வேலை. இதற்கும் கம்ப்ரஸர் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். 12 வோல்ட்டே வரவில்லை என்றால் ரிலே, பியூஸ், பிரஷர் சுவிட்ச் என்று பின்னோக்கிப் போக வேண்டும். பிரஷர் எல்லை மீறினால் சுவிட்சே கிளட்சை வெட்டிவிடும். அப்போது குற்றவாளி சுவிட்ச் இல்லை, மறுபடியும் அந்தக் கண்டென்சர் படலம்தான்.

இனி கசிவு. இரட்டை ஏசி வேனில் கேஸ் போகிற இடத்தை என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பின் லைன் என்பேன். கம்ப்ரஸரிலிருந்து பின் கூலிங் காயில் வரைக்கும் இரண்டு பைப் வண்டிக்கு அடியில் போகிறது. மழைச் சேறு, தெறிக்கிற ஜல்லி, கிளாம்பில் உரசல் எல்லாம் அதன் தலையில்தான். பதினேழு பதினெட்டு வருட அலுமினியப் பைப் கிளாம்பு பிடித்த இடத்தில் வெள்ளை பூத்து அரித்துப்போகும். கேஸ் குறையும்போது முதலில் பட்டினி கிடப்பதும் பெரும்பாலும் தூரத்தில் இருக்கிற பின் காயில்தான். உங்கள் பின் சீட்டுக்காரர்கள் புழுங்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

வண்டியை பிட்டில் (அடியில் இறங்கிப் பார்க்கிற பள்ளத்தின் மேல்) ஏற்றி டார்ச்சோடு கீழே போங்கள். கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது போகிற இடத்தில் ஆயிலையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகும். பைப் முழுக்கக் காய்ந்த செம்மண் தூசி இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் தூசி கறுத்து, ஈரமாக, அப்பிப்போய் இருக்கும். பின் சக்கர வளைவுக்கு முன்னால் வருகிற ரப்பர் கிளாம்பைக் கழற்றி அடியில் விரலை வைத்துத் தேய்த்தால் வழவழப்பு விரலில் ஏறும். அங்கே சோப்பு நுரையைத் தடவிவிட்டு அவசரப்படாமல் பாருங்கள். பெரிய ஓட்டை என்றால் உடனே கொப்புளிக்கும். ஊசி முனை ஓட்டை என்றால் முதலில் ஒன்றுமே தெரியாது, இரண்டு நிமிடம் கழித்து கறந்த பால் நுரை மாதிரி பொடிப்பொடியாக வெள்ளை கட்டும். அந்த இரண்டு நிமிடம் நிற்கப் பொறுமை இல்லாததால்தான் மூன்று தடவை கேஸ் போட்டிருக்கிறீர்கள்.

அங்கே இல்லையென்றால் ஜாயின்ட்டில் இருக்கும் ஓரிங் ரப்பர் வளையங்கள், ஹோஸ் முனையை நசுக்கிப் பிடித்த (கிரிம்பிங் பண்ணின) இடம், கேஸ் ஏற்றுகிற போர்ட்டில் இருக்கும் ஊசி வால்வு. கிளட்ச் சுற்றுகிற வாக்கில் பானட்டின் அடிப்பக்கத்தில் ஒரு கோடு மாதிரி ஆயில் தெறித்திருந்தால் ஷாஃப்ட் சீல். இவை எதிலும் இல்லை என்றால் மிச்சம் கூலிங் காயில். தண்ணீர் சொட்டுகிற டியூப் வாயில் ஆயில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். லீக்கை அடைக்கிற மருந்து என்று ஒரு டப்பா விற்கிறார்கள், அதை மட்டும் உள்ளே விட வேண்டாம். ஓட்டை அடைகிறதோ இல்லையோ, கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வு அடைந்துவிடும்.

சோப்பு நுரை வேலைக்கு உள்ளே பிரஷர் வேண்டும். அதற்கு நைட்ரஜன்தான். டயருக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரஸரின் காற்றில் ஈரம் இருக்கும். ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். 200 பவுண்டு நைட்ரஜன் ஏற்றி ராத்திரி விட்டுவிட்டு வரலாம். காலையில் 193 காட்டினால் பதற வேண்டாம். 35 டிகிரியில் ஏற்றியது 25 டிகிரிக்கு இறங்கினாலே 7 பவுண்டு தானாகக் குறையும். 170 என்றால் கசிவுதான். வேக்கம் போட்டுப் பார்த்தோம், முள் ஏறவில்லை, லீக் இல்லை என்று சொல்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய. வேக்கத்தில் வெளிக்காற்று உள்ளே தள்ளுவது வெறும் 14 பவுண்டு. ஓட்டத்தில் உள்ளிருந்து 200 பவுண்டு தள்ளும்போது திறக்கிற ஓட்டை அதில் எப்படித் தெரியும்?

கசிவை அடைத்த பிறகு, லைனில் ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரை மாற்றியே ஆக வேண்டும். மூன்று தடவை ஈரக் காற்று பட்ட டிரையர் இனி ஈரத்தைக் குடிக்காது. உள்ளே ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வு வாயில் ஐஸாக உறைந்து, அரை மணி நேரம் குளிர்ந்து திடீரென்று நிற்கும், அணைத்து வைத்தால் திரும்ப வரும். அந்த நோயைப் புதிதாக வாங்கிக்கொள்ளாதீர்கள். வேக்கம் பம்பை முக்கால் மணி நேரமாவது ஓட விடச் சொல்லுங்கள். வேக்கத்தின் வேலையே உள்ளே இருக்கும் தண்ணீரை அந்தச் சூட்டிலேயே கொதிக்க வைத்து இழுப்பதுதான். கேஜில் வேக்கம் 30 அங்குலம் வரவில்லையே என்று சண்டை போட வேண்டாம். அது கடல் மட்டத்துக் கணக்கு. ஈரோட்டில் 29 சொச்சம் வரும், 400 மீட்டர் உயரத்தில் இருக்கிற கோயமுத்தூரில் 28.5 வாக்கில்தான் நிற்கும், ஊட்டியில் எவ்வளவு நல்ல பம்ப் என்றாலும் 23-தான்.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். எவ்வளவு என்பது பானட்டுக்குள் ஸ்டிக்கரில் இருக்கும். ஒற்றை ஏசி வண்டி அளவைக் கேட்டு இரட்டை ஏசி வண்டிக்குப் போட்டுவிட்டு பின்னால் குளிரவில்லை என்பவர்களும் உண்டு. ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் முள்ளையும் ஏசி வாயில் செருகின தெர்மாமீட்டரையும் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது முன் வாயில் 8 முதல் 12 வந்தால் நல்ல வேலை, பின்னால் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடத்தான் இருக்கும். நீங்களே கேன் வாங்கிப் போடுகிற எண்ணம் இருந்தால் ஒன்று மட்டும்: வண்டி ஓடும்போது கேஜின் சிவப்பு வால்வைத் திறக்காதீர்கள். 250 பவுண்டு திரும்பிப் போய் கேனை வெடிக்க வைத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கம்ப்ரஸர்தான் என்று முள் சொன்னால் மாற்றித்தான் ஆக வேண்டும், அப்போது அரைகுறையாகச் செய்யாதீர்கள். பழையதைக் கழற்றி ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. வெள்ளி மினுக்கல் மாதிரி உலோகப் பொடி தெரிந்தால் அது முழு லைனுக்கும் பரவியிருக்கிறது என்று அர்த்தம். பைப்பையும் காயிலையும் ஃப்ளஷ் பண்ணலாம், ஆனால் பொடிப்பொடித் துளை வைத்த கண்டென்சரை எவ்வளவு ஃப்ளஷ் பண்ணினாலும் பொடி முழுசாக வராது. கண்டென்சர், டிரையர், இரண்டு எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாம் மாற்றாமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் அதே பொடி புது கம்ப்ரஸரையும் தின்றுவிடும். 32,000 சொன்னவர் இதில் எதையெல்லாம் சேர்த்துச் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக பின் ஏசியை அடைக்கிற யோசனை. முடியும். முன்னால், பின் லைன் T மாதிரி பிரிகிற இடத்திலேயே இரண்டு பைப்பையும் கழற்றி, ஓரிங் வைத்த மூடி போட்டு அடைக்க வேண்டும். பின் காயிலுக்குப் பக்கத்தில் அடைத்தால் அந்த நீளப் பைப்பில் திரவமும் ஆயிலும் தேங்கி கம்ப்ரஸருக்கு ஆயில் பஞ்சம் வரும். அரித்த பைப்பும் அப்படியே லைனில் இருக்கும், கசிவும் நிற்காது. ஆனால் கத்திரி வெயிலில் பட்டுப்புடவையோடு கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு முன் ஏசியை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது, வாடகையே போய்விடும். பின் லைனில் அரித்த துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹோஸ் கிரிம்பிங் பண்ணுங்கள். என் கடைக் கணக்கில் அதோடு ஓரிங், டிரையர், கேஸ் எல்லாம் சேர்த்தாலும் நீங்கள் சொன்ன தொகையில் பாதியைத் தொடாது. பணம் புரளும் வரை ஒரு சீசனுக்கு அடைத்துத்தான் ஓட்டுவேன் என்றால் அதுவும் சரி. அப்போது கேஸ் அளவு குறையும். எவ்வளவு போட்டது, எந்தத் தேதி, பின் லைன் அடைத்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, லேமினேட் பண்ணி, பானட்டுக்குள் ஒட்டிவிடுங்கள். அடுத்து கை வைக்கிறவர் பழைய ஸ்டிக்கரைப் பார்த்து முழு அளவையும் ஏற்றிவிடக் கூடாது.